நிழல் இல்லாத படம், கால் விலைக்கு

அன்புள்ள எழுத்தாளருக்கு,

அமெரிக்காவின் 19ஆம் நூற்றாண்டு உருவப்படங்களைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு அருங்காட்சியக இணையதளங்களில் தேடிப் பார்த்தேன். தந்தத்தில் வரைந்த சிற்றோவியங்களில் உயிர் இருக்கிறது. அதே காலத்து எண்ணெய் ஓவியங்கள் பலவற்றில் முகம் அட்டையை வெட்டி ஒட்டியதுபோல் தட்டையாகக் கிடக்கிறது. ஊர் ஊராகச் சுற்றிய ஓவியர்களுக்குப் பயிற்சி இல்லை என்பதுதானே காரணம்? குளிர்காலத்தில் தலையில்லாத உடல்களை வரைந்து வைத்துக்கொண்டு, பிறகு வாடிக்கையாளரின் தலையை மட்டும் சேர்ப்பார்கள் என்றும் படித்தேன். உண்மையா?

ஒரு வாசகி, கோயம்புத்தூர்

அன்புள்ள வாசகிக்கு,

பயிற்சி குறைந்தவர்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் தட்டையான முகத்தைப் பார்த்ததுமே வரையத் தெரியாதவர் என்று தீர்ப்பு எழுதுவதற்கு முன்னால் ஓவியர் வில்லியம் மாத்யூ பிரையரின் விளம்பரத்தைக் கேளுங்கள். 1831இல் மெய்ன் மாநிலப் பத்திரிகை ஒன்றில் அவர் அறிவிக்கிறார்: தட்டையான படம் போதும் என்பவர்களுக்கு நிழலோ சாயையோ இல்லாமல் கால் விலைக்கு வரைந்து தரப்படும். பிற்பாடு பாஸ்டனில் குடியேறியபோது படங்களின் பின்னால் ஒரு சீட்டும் ஒட்டினார். ஒரு மணி நேரம் போல உட்கார்ந்தால் போதும், சட்டமும் கண்ணாடியும் சேர்த்து 2.92 டாலர். ஒளித்து மறைத்து எதுவும் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த ஓவியர் இவர், பாதி காரணம் இந்தச் சீட்டுதான்.

முழு விலை கொடுத்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்று பார்க்க விரும்பினால், வெர்மான்ட் மாநிலத்தின் ஷெல்பர்ன் அருங்காட்சியகத்தில் இருக்கும் நான்சி லாசன், வில்லியம் லாசன் படங்களைத் தேடுங்கள். 1843இல் பிரையர் வரைந்த கறுப்பினத் தம்பதியர். அமெரிக்காவின் தென்பகுதியில் அடிமைமுறை உச்சத்தில் இருந்த காலம் அது. நான்சியின் கையில் புத்தகம். கன்னத்தில் நிழல் விழுகிறது, துணியில் மடிப்பு இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை அல்ல அது. நிழல் எங்கே விழும் என்பது பிரையருக்கு நன்றாகவே தெரியும். அதற்குத் தனிக் கட்டணம், அவ்வளவுதான்.

சிற்றோவியத்தோடு ஒப்பிடும்போது இன்னொரு சிக்கல். கணினித் திரை இரண்டையும் ஒரே அளவாக்கிவிடுகிறது. கூடத்தின் சுவருக்காக வரைந்த படம் சுருங்குகிறது, உள்ளங்கைக்குள் அடங்க வேண்டியது விரிகிறது. சிற்றோவியத்தின் தொழில்நுட்பமே வேறு. யானைத் தந்தத்தைத் தாள்போல மெல்லியதாக அறுத்து, எண்ணெய்ப் பசை போகப் நுரைக்கல் பொடியால் தேய்த்து, பிசின் கலந்த நீர்வண்ணத்தை நுண்ணிய புள்ளிகளாகவும் கீற்றுகளாகவும் வைக்க வேண்டும். தந்தம் நீரை உறிஞ்சாது. தூரிகையில் ஈரம் சற்று கூடினாலும் அடியில் காய்ந்த வண்ணம் கரைந்து வந்துவிடும். முகத்தில் வண்ணத்தை மெல்லியதாக விட்டால் தந்தத்தின் வெண்மை ஊடுருவித் தெரியும். நீங்கள் உயிர் என்று சொல்வதில் பெரும்பங்கு அந்த வெண்மைக்குச் சேர வேண்டும்.

தவிர, அது ஒரே ஒருவர் பார்ப்பதற்கான படம். பாஸ்டனின் சாரா குட்ரிட்ஜ் 1828இல் தன் மார்பகங்களை மட்டும் எட்டு சென்டிமீட்டர் அகலத் தந்தத்தில் வரைந்து, அண்மையில் மனைவியை இழந்திருந்த அரசியல்வாதி டேனியல் வெப்ஸ்டருக்குக் கொடுத்தார். வெப்ஸ்டர் அடுத்த ஆண்டே வேறொரு பெண்ணை மணந்துகொண்டார்; படத்தை மட்டும் திருப்பித் தரவில்லை. இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பது எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

தலையில்லாத உடல்கள் கதை நெடுங்காலமாக உலவுகிறது. ஆதாரத்தைத் தேடினால் கையில் ஒன்றும் நிற்பதில்லை. கதை எங்கிருந்து கிளம்பியிருக்கும் என்று ஊகிக்கலாம். அம்மி பிலிப்ஸ் 1830களில் வரைந்த, மடியில் வெள்ளைப் பூனையை ஏந்திய சிவப்பு உடைச் சிறுமியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சிவப்பு உடை, காலடியில் நாய் என்று ஏறக்குறைய இதே அமைப்பில் அவர் வேறு குழந்தைகளையும் வரைந்திருக்கிறார். நாலு வீட்டில் ஒரே உடையைப் பார்த்தவர்களுக்கு, உடல் முன்பே தயாராக இருந்தது என்று தோன்றுவதில் வியப்பில்லை. இதே பிலிப்ஸின் முற்காலப் படங்களையும் பிற்காலப் படங்களையும் ஆய்வாளர்கள் நெடுநாள் இரண்டு வெவ்வேறு ஓவியர்களுடையவை என்றே நம்பியிருந்தார்கள். அவ்வளவு தூரம் பாணியை மாற்றிக்கொண்டவர்.

இவர்கள் எல்லோருடைய பிழைப்பிலும் கைவைத்தது 1839இல் பாரிஸில் அறிவிக்கப்பட்ட டாகெரோடைப் புகைப்படம். சிற்றோவியத்தை வைக்கும் கீல் வைத்த சிறு பெட்டியைக்கூட அது எடுத்துக்கொண்டது. நிழல் உட்பட எல்லாம் சில டாலருக்குக் கிடைக்கும்போது, நிழல் இல்லாத படத்துக்கு யார் உட்காருவார்கள்? பிரையர் சும்மா இருக்கவில்லை. கில்பர்ட் ஸ்டுவர்ட் வரைந்த ஜார்ஜ் வாஷிங்டனைக் கண்ணாடியில் நகலெடுத்து விற்க ஆரம்பித்தார்.