கர்ப்ப காலத்தில் ஈறில் ரத்தம் வருகிறது. மூலிகை வைத்தே சரிசெய்ய முடியுமா?

ஐந்தாம் மாதம், பல் தேய்த்தாலே ரத்தம், இது சத்துக் குறைவா, மஞ்சள் வேம்பு போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பல் மருத்துவரிடம் இன்னும் காட்டவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

மூலிகை மட்டும் போதாது. காரணம் ரத்தம் வரும் இடத்திலேயே இருக்கிறது. பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் கிருமிகள் மெல்லிய படலமாகப் படியும். 1965-ல் டென்மார்க்கில் ஹரால்ட் லோவும் அவர் குழுவினரும் செய்த ஆய்வில், நல்ல ஈறு உள்ளவர்கள் பல் தேய்ப்பதை நிறுத்தியதும் 10 முதல் 21 நாட்களுக்குள் ஈறு அழற்சி வந்தது. மறுபடி தேய்க்கத் தொடங்கியதும் ஒரு வாரத்தில் அடங்கிவிட்டது. கர்ப்பத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறுவதால் முன்பு பொறுத்துக்கொண்ட படலத்துக்கே ஈறு இப்போது வீங்கிச் சிவக்கிறது. இது இரண்டாம் மாதவாக்கில் ஆரம்பித்து எட்டாம் மாதத்தில் உச்சத்துக்குப் போகும். கர்ப்பிணிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு வருவதுதான். அந்தப் படலம் எச்சிலில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து இறுகிக் காரையாகிவிட்டால் பிரஷ்ஷோ இலையோ எண்ணெயோ அதைப் பெயர்க்காது. பல் மருத்துவர் கருவியால் சுரண்டிச் சுத்தம் செய்யும் ஸ்கேலிங்கில்தான் எடுக்க வேண்டும்.

மூலிகைக்கு எதிரி என்று என்மேல் பாய வேண்டாம். மஞ்சளில் உள்ள குர்குமின், வேம்பு, சோற்றுக்கற்றாழை, பச்சைத் தேயிலை என எல்லாவற்றுக்கும் ஆய்வுகள் இருக்கின்றன; நல்ல முடிவுகளும் உண்டு. ஆனால் அவற்றில் செய்முறைப் பகுதியைப் படித்துப் பாருங்கள். ஈறு நோய்க்கான மூலிகை ஜெல் ஆய்வு என்றால் பெரும்பாலும் எல்லோருக்கும் முதலில் ஸ்கேலிங் செய்துவிட்டுத்தான் ஒரு பிரிவினருக்கு ஜெல்லை வைக்கிறார்கள். அதாவது ஸ்கேலிங்குக்கு மேல் கிடைத்த கூடுதல் பலனைத்தான் அளக்கிறார்கள். இன்னொன்று, கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மாரையும் இந்த ஆய்வுகளில் வழக்கமாகச் சேர்ப்பதே இல்லை. உங்களை விலக்கிவைத்துச் செய்த ஆய்வை உங்களிடமே காட்டி ‘நிரூபிக்கப்பட்டது’ என்று விற்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒவ்வொன்றாகச் சொன்னால்: சமையலில் சேர்க்கும் அளவு மஞ்சளால் பயமில்லை. மிளகுச் சத்து கலந்த குர்குமின் மாத்திரை வேறு விஷயம், அது இப்போது வேண்டாம். வேப்பெண்ணெய் விலங்குச் சோதனைகளில் கருவைக் கலைத்திருக்கிறது. வாயில் போட்டால் கொஞ்சமாவது உள்ளே போகும், அதனால் தவிர்த்துவிடுங்கள். டீ ட்ரீ எண்ணெய் விழுங்கினால் நஞ்சு. கிராம்பு எண்ணெயை நீர்க்காமல் பஞ்சில் தோய்த்து வைத்தால் ஈறு வெந்துபோகும். அதைவிட மோசம், வலி மட்டும் மரத்து உள்ளே சீழ் சேர்வது தெரியாமல் போகும். மூலிகைப் பற்பொடிகள் பலவற்றில் அதிமதுரம் இருக்கும். கர்ப்பத்தில் அதிமதுரம் நிறையச் சாப்பிட்டவர்களுக்குப் பிரசவம் சற்று முன்னதாக நடந்ததை ஃபின்லாந்து ஆய்வுகள் காட்டின. தேய்த்துத் துப்பினால் கவலையில்லை, கஷாயமாகக் குடிக்காதீர்கள்.

வீட்டில் தாராளமாகச் செய்யக்கூடியது உப்பு நீர்தான். ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு, அரை நிமிடம் கொப்பளித்துத் துப்புங்கள். வீக்கம் கொஞ்சம் ஆறும். காரை அப்படியேதான் இருக்கும். மென்மையான பிரஷ்ஷை ஈறு விளிம்பில் 45 டிகிரி சாய்த்து, ஃபுளோரைடு பேஸ்ட்டோடு காலையும் இரவும் இரண்டு நிமிடம் தேயுங்கள். ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தை விட்டுவிடுவதுதான் பலரும் செய்வது. அங்கேதான் படலம் தடிக்கிறது, ரத்தமும் கூடுகிறது. வாந்தி எடுத்தால் உடனே தேய்க்கக் கூடாது, அமிலத்தில் இளகிய எனாமல் தேய்ந்துவிடும். ஒரு கப் நீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து கொப்பளித்து, அரை மணி நேரம் கழித்துத் தேயுங்கள்.

சத்துக் குறைவா என்றால், வைட்டமின் சி மிகக் குறைந்தால் ஈறில் ரத்தம் வரும் என்பது உண்மை. கர்ப்பத்தில் நாளொன்றுக்கு 85 மில்லிகிராம் அளவில் தேவை; பழமும் காய்கறியும் ஒழுங்காகச் சாப்பிட்டால் கிடைத்துவிடும். மென்று தின்னும் வைட்டமின் சி மாத்திரைகளை அள்ளிப் போட்டால் அந்த அமிலமே பல்லை அரிக்கும். குழந்தை தாயின் பல்லிலிருந்து கால்சியத்தை உறிஞ்சுகிறது என்பது பொய். உணவில் கால்சியம் போதாவிட்டால் இழப்பு எலும்புக்குத்தான், பல்லுக்கு இல்லை. இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் சேர்த்து விழுங்காமல் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். ஈறுக்கு நல்லது என்று பச்சைத் தேநீர் குடிப்பவர்கள் இரும்பு மாத்திரையோடு குடித்தால், இரும்பு உடலில் சேர்வது குறையும்.

குறைப்பிரசவம் பற்றியும் பயமுறுத்தியிருப்பார்கள். 1996-ல் ஆஃபன்பேக்கர் என்ற ஆய்வாளரின் குழு ஈறு நோய்க்கும் குறைப்பிரசவத்துக்கும் தொடர்பு இருப்பதாகக் காட்டியது. 2006-ல் 823 கர்ப்பிணிகளைக் கொண்ட அமெரிக்க ஆய்வில் ஸ்கேலிங் செய்தும் குறைப்பிரசவம் குறையவில்லை. இதை வைத்துக்கொண்டு ‘அப்போ பிரசவத்துக்கு அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று திருப்பி அனுப்புகிறவர்கள், அதே ஆய்வில் சிகிச்சை பாதுகாப்பானது என்றும் ஈறு தேறியது என்றும் இருப்பதைச் சொல்வதில்லை. தாயின் ஈறு நலமாவது ஒரு காரணமாகவே இவர்களுக்குத் தெரியவில்லையா?

நாற்காலியில் சாய்ந்து படுக்கச் சிரமமில்லாத மாதம் உங்களுக்கு இது, இப்போதே போங்கள். கர்ப்பத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஈறு நோய்க்கு எழுதும் டாக்ஸிசைக்ளின், டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் குழந்தையின் பல்லைக் கறையாக்கும் என்பதால் இப்போது கூடாது. வலிக்கு பாராசிட்டமால் போதும், 20 வாரத்துக்குப் பிறகு ஐபுபுரோஃபென் வேண்டாம். மரத்துப்போகப் போடும் லிடோகெயின் ஊசிக்குப் பயப்பட வேண்டியதில்லை. படுத்திருக்கும்போது தலை சுற்றினால் இடப்பக்கம் சாய்ந்துகொள்ளுங்கள். முகம் வீங்கினாலோ, காய்ச்சலோடு சீழ் வந்தாலோ அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றே காட்டுங்கள்.