நஞ்சுக்கொடி அல்ல, பாய்சன் ஐவி: கேள்வி பதில்

"கையில் நஞ்சுக்கொடி பட்டுவிட்டது" என்று ஒருவர் எழுதியிருந்தார். தமிழில் அது பிரசவ அறைச் சமாச்சாரம் ஐயா! தொட்டால் தோல் தடித்துக் கொப்புளிக்கும் இந்த வட அமெரிக்கக் கொடியைப் பாய்சன் ஐவி என்றே சொல்லிவிடுவோம். நியூ ஜெர்சி மருந்துக்கடையில் இருபது கோடைகளாக இந்தத் தடிப்புகளைப் பார்த்து வருகிறேன். வந்த கேள்விகளுக்கு, கேட்டவர்களின் ஊர்ப் பெயரோடு, பதில் சொல்கிறேன்.

எடிசன்: பின்வேலியில் மூன்று இலைக் கொடி படர்ந்திருக்கிறது. அதுதானா?

மூன்று இலை என்பது மட்டும் போதாது. நடு இலைக்கு நீண்ட காம்பு இருக்கிறதா, பக்கத்து இரண்டும் தண்டோடு ஒட்டினாற்போல் இருக்கின்றனவா என்று பாருங்கள். பக்கத்து இலைகளின் வெளி ஓரத்தில் பல சமயம் கட்டைவிரல் போல ஒரு பிதுக்கம் தெரியும். முள் இருந்தால் அது ராஸ்பெர்ரி இனம். இலைக்கொத்துகள் எதிரெதிரே முளைத்தால் மேப்பிள் கன்று. ஐந்து இலை என்றால் வர்ஜீனியா க்ரீப்பர். மரத்தில் ஏறிய முதிர்ந்த கொடி, கம்பளிப்பூச்சி போல மயிர் வேர்களோடு அப்பிக்கிடக்கும். பனிக்காலத்தில் இலை உதிர்ந்தாலும் அந்தத் தண்டைத் தொடாதீர்கள்.

ஸ்கார்பரோ: நேற்று ரூஜ் பூங்காவில் காலில் உரசியது. ஒரு மணி நேரம் கழித்துக் குளித்தேன். இன்னும் ஒன்றுமில்லை, தப்பித்தேனா?

இப்போதே சொல்ல முடியாது. வழக்கமாக 12 முதல் 48 மணி நேரத்தில் தெரியும். வாழ்க்கையில் முதல் முறை என்றால் இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். வில்லன் அந்தக் கொடியில் இருக்கும் உருஷியோல் என்ற எண்ணெய். பத்து நிமிடத்துக்குள் கழுவினால் நல்ல பலன். தாமதமானாலும் கழுவுவது வீணல்ல. ஆனால் வெறும் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை. வடை சுட்ட சட்டியைக் கழுவுவது போல நினைத்துக்கொள்ளுங்கள்: சோப்பு போட்டு, துணியால் தேய்த்து, அலசி, மறுபடியும் தேய்க்க வேண்டும். ஷூ கயிறு, கைபேசி, கூட வந்த நாய் எல்லாவற்றிலும் எண்ணெய் இருக்கும்.

டொரான்டோ: கொப்புளம் உடைந்து நீர் வழிகிறது. கைக்குழந்தைக்கு ஒட்டுமா?

ஒட்டாது. அந்த நீரில் எண்ணெய் இல்லை. தோல் தடித்த இடங்களில் தாமதமாக வெளிப்படுவதால்தான் பரவுவது போலத் தோன்றுகிறது. துவைக்காத சட்டையோடு மட்டும் குழந்தையைத் தூக்காதீர்கள்.

பிரிட்ஜ்வாட்டர்: ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசச் சொல்கிறார்.

உடைந்த தோலில் அரைத்தது எதுவும் வேண்டாம். குளிர்ந்த ஈரத்துணி, காலமைன் லோஷன், தொடக்கத்திலேயே என்றால் 1% ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு போதும். ஆனால் மாமியாரிடம் சேராங்கொட்டையைப் பற்றிக் கேளுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும். சலவைத் துணிக்குக் குறி போட்ட அந்தக் கருஞ்சாறு பட்டாலும் இப்படித்தான் கொப்புளிக்கும். இரண்டும் ஒரே குடும்பம். மாங்காய்ப் பாலும் முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயும் அதே உறவுக்கூட்டம்தான். ஐவி ஒவ்வாதவர்களில் சிலருக்கு மாம்பழத் தோலைக் கடித்தால் உதட்டோரம் தடிக்கும். பழத்தைச் சீவித் தின்னுங்கள், விட்டுவிட வேண்டாம்.

டல்லாஸ்: ஆறு நாள் ஸ்டீராய்டு மாத்திரையில் குறைந்தது, நிறுத்தியதும் திரும்ப வந்துவிட்டது.

இந்தப் புகாரை ஒவ்வொரு ஜூலையிலும் கேட்கிறேன். கடுமையான தடிப்புக்கு இரண்டு மூன்று வாரம் கொடுத்து, படிப்படியாகக் குறைப்பதுதான் முறை. மருத்துவரிடமே திரும்பப் போங்கள். மீந்த மாத்திரையை நீங்களாக விழுங்காதீர்கள். சீழ், காய்ச்சல், முகத்திலோ பிறப்புறுப்பிலோ தடிப்பு என்றாலும் அன்றே காட்டுங்கள். கண் வீங்கி மூடிக்கொண்டாலோ மூச்சு முட்டினாலோ நேராக அவசரப் பிரிவுக்கு.

எடிசன், மறுபடியும்: வெட்டி எரித்துவிடவா?

எரிக்கவே கூடாது! புகையோடு எண்ணெயும் நுரையீரலுக்குள் போகும். நீண்ட கையுறை போட்டு வேரோடு பிடுங்கி, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். கத்தரியின் பிடியையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். நான் ஒருமுறை கத்தரியின் அலகை மட்டும் துடைத்து, பிடியைக் கழுவாமல் கொட்டகையில் மாட்டினேன். அடுத்த ஏப்ரலில் ரோஜாவுக்குக் கிளை நறுக்கிய மறுநாள், உள்ளங்கை மடிப்பில் வரிசையாகக் கொப்புளம்.