வாசகர் கேள்வி, எங்கள் பதில்: குடியும் ஒரு தத்துவ அறிஞரும்

கேள்வி: என் கணவர் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் – குடியை விட ஒருவருக்கொருவர் துணைநிற்பவர்களின் அமைப்பு) கூட்டங்களுக்குப் போய்க் குடியை விட்டவர். அங்கே வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞரைப் பற்றிப் பேசினார்களாம். குடிக்கும் தத்துவத்துக்கும் என்ன சம்பந்தம்? அவர் எழுதியதை நாங்கள் படிக்கலாமா?
– ஒரு வாசகி, தேனி

பதில்: நெருங்கிய சம்பந்தம் உண்டு அம்மா. ஏ.ஏ.வைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் வில்சன், 1934 டிசம்பரில் நியூயார்க்கின் டவுன்ஸ் மருத்துவமனையில் குடிக்குச் சிகிச்சை பெற்றார். அப்போது ஜேம்ஸின் 'சமய அனுபவத்தின் வகைகள்' அவர் கைக்கு வந்தது. 1902-ல் வெளியான அந்தப் புத்தகத்தில் ஹாட்லி என்பவரின் வாக்குமூலம் இருக்கிறது. குடிப்பதற்காக எல்லாவற்றையும் அடகு வைத்தும் விற்றும் தீர்த்துவிட்டு, போக்கிடமில்லாமல் ஹார்லெமில் ஒரு மதுக்கடையில் உட்கார்ந்திருந்தவர், பிறகு மீண்டார். 'இனி என்னால் ஆகாது' என்று முழுசாகக் கைவிரித்த இடத்தில்தான் மீட்சி தொடங்குகிறது என்று அதைப் படித்த வில்சன் புரிந்துகொண்டார். ஏ.ஏ. சொல்லும் பன்னிரண்டு படிகளில் முதல் படியும் அதுதானே! ஜேம்ஸ் 1910-லேயே காலமாகிவிட்டார். ஆனாலும் அவரையும் நிறுவனர்களில் ஒருவராகவே வில்சன் கருதினார்.

ஜேம்ஸிடம் நான் மிகவும் மதிப்பது, அவர் குடிநோயாளியை ஒருபோதும் இளக்காரமாகப் பார்க்கவில்லை என்பதைத்தான். அவருடைய கடைசித் தம்பி ராபர்ட்சனும் குடியோடு போராடியவர். போதையில் மனிதன் தேடுவதில் ஆன்மிக ஏக்கத்தின் ஒரு துளி இருக்கிறது என்று ஜேம்ஸ் துணிந்து எழுதினார். விவேகானந்தரின் 'ராஜயோக'த்தையும் அதே புத்தகத்தில் மரியாதையோடு எடுத்தாண்டிருக்கிறார். எந்த வழியானாலும், வாழ்க்கையில் அது என்ன பலன் தந்தது என்பதே அவர் கேள்வி.

1890-ல் வந்த ஜேம்ஸின் 'உளவியல் கோட்பாடுகள்' ஏறக்குறைய 1,400 பக்கம். அதில் பழக்கம் பற்றிய அத்தியாயத்தில், ஒவ்வொரு முறையும் 'இந்த ஒரு தடவை கணக்கில் இல்லை' என்று சொல்லிக்கொண்டே குடிக்கும் ஒரு நாடகப் பாத்திரம் வருகிறது. நீ எண்ணாவிட்டாலும் உன் நரம்புகள் எண்ணிக்கொண்டேதான் இருக்கின்றன என்கிறார் ஜேம்ஸ். புதுப் பழக்கம் வேரூன்றும்வரை ஒரு விலக்குக்கூடக் கூடாது. பார்த்துப் பார்த்துச் சுற்றிய நூல் பந்து ஒரு தடவை கை நழுவினால், பல சுற்றுகள் அவிழ்ந்துவிடும் என்பதும் அவர் வாக்குத்தான்.

தாராளமாகப் படியுங்கள். முதலில் இந்த அத்தியாயம்; அந்தப் பெரிய புத்தகத்தில் நாலாவது. அப்புறம் 'சமய அனுபவத்தின் வகைக'ளில் மனமாற்றம் பற்றிய 9, 10-ம் சொற்பொழிவுகள் (அந்தப் புத்தகமே சொற்பொழிவுகளின் தொகுப்புதான்); ஹாட்லியின் கதை ஒன்பதாவதில் வருகிறது. ஆங்கிலம் கொஞ்சம் பழைய நடை. இருவரும் சேர்ந்து வாய்விட்டுப் படித்தால் பிடிபட்டுவிடும்.