குழந்தைகளோடு குடும்பப் படம்: முன்பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: ஒரு ஸ்டுடியோ பேக்கேஜில் "1 மணி நேரம், அளவில்லாத கிளிக், எடிட் செய்த 20 படங்கள்" என்று போட்டிருக்கிறது. முன்பணம் கட்டலாமா?

பதில்: "அளவில்லாத கிளிக்" என்பதைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். ஆயிரம் முறை எடுத்தாலும் கைக்கு வரப்போவது 20 படங்கள்தான். அந்த 20-ஐத் தேர்ந்தெடுப்பது நீங்களா, படம் எடுப்பவரா என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது. நீங்கள் என்றால், எத்தனை படங்களைக் காட்டுவார், எத்தனை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும், கூடுதலாக ஒரு படம் வேண்டுமென்றால் என்ன விலை என்று கேளுங்கள். செலவு கைமீறுவது பெரும்பாலும் இந்தக் கடைசி விலையால்தான். படங்களைப் பார்த்துவிட்ட பிறகு 20-ல் நிறுத்த எந்தப் பெற்றோருக்கும் மனம் வராது.

அடுத்தது ஃபைலின் அளவு. "டிஜிட்டல் படங்கள் தருவோம்" என்பது மட்டும் போதாது. நீளவாட்டில் 2048 பிக்சல் உள்ள படம் போன் திரையில் அழகாக இருக்கும். ஆனால் நல்ல பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். அந்தக் கணக்கில் இந்தப் படம் 7 அங்குலத்துக்குக்கூட எட்டாது. 12-க்கு 18 அங்குலப் படம் சுவரில் மாட்ட நினைத்தால் 3600-க்கு 5400 பிக்சல் தேவை. ஆகவே "முழு அளவு ஃபைல்" என்று எழுதி வாங்குங்கள். அதை அரட்டைச் செயலியில் சாதாரணப் படமாக அனுப்பச் சொல்லாதீர்கள். அது படத்தைச் சுருக்கிவிடும்.

எடிட்டிங் என்ற சொல்லுக்கும் ஆளுக்கொரு பொருள் உண்டு. சிலருக்கு அது வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிசெய்வது மட்டுமே. முழங்கால் காயத்தை மறைப்பது, ஒரு படத்தில் கண்மூடிய குழந்தைக்கு இன்னொரு படத்திலிருந்து முகத்தை எடுத்து வைப்பது போன்றவற்றுக்குத் தனிக் கட்டணம் கேட்பவர்களும் உண்டு. படங்கள் எந்தத் தேதிக்குள் வரும், அதன்பின் எத்தனை மாதம் அவரிடம் இருக்கும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகளின் படத்தை ஸ்டுடியோ தன் விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாமா கூடாதா என்பதும் எழுத்தில் இருக்கட்டும். படத்தின் உரிமை எடுத்தவருக்கா, காசு கொடுத்தவருக்கா என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஒப்பந்தத்தில் தெளிவான ஒரு வரி இருந்தால் பின்னால் வாக்குவாதம் வராது.

இன்னொன்று. விளம்பரத்தில் இருப்பவை பல வருடங்களில் பொறுக்கியெடுத்த படங்கள். உங்கள் குழந்தை வயதுள்ள ஒரு குழந்தையை வைத்து எடுத்த ஒரே ஒரு செஷனின் முழுத் தொகுப்பை, அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு, காட்ட முடியுமா என்று கேளுங்கள். அதில் 15-வது படமும் 30-வது படமும் எப்படி இருக்கின்றன என்று பார்த்தால் ஆளின் திறமை தெரிந்துவிடும்.

கேள்வி: குழந்தைகளுக்கு இரண்டரை வயது, ஆறு வயது. மாலை வெளிச்சம்தான் நன்றாக இருக்கும் என்று 5 மணிக்கு வரச் சொல்கிறார். அந்த நேரத்தில் சின்னவன் சிணுங்க ஆரம்பித்துவிடுவான். என்ன செய்வது?

பதில்: நேரத்தை மாற்றுங்கள். சூரியன் மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேர வெளிச்சம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அழுது வீங்கிய முகத்தை எந்த வெளிச்சமும் காப்பாற்றாது. சூரியன் உதித்த பிறகு வரும் முதல் ஒரு மணி நேரத்திலும் அதே சாய்வான, மென்மையான வெளிச்சம் கிடைக்கும். காலையில் தெளிவாக இருக்கும் குழந்தைக்கு அதுவே சரி. அதுவும் முடியாதென்றால், வெயில் ஏறிய பிறகு ஒரு கட்டடத்தின் நிழலில் எடுக்கச் சொல்லுங்கள். மர நிழல் வேண்டாம். இலை இடுக்குகளின் வழியே வெயில் முகத்தில் திட்டுத் திட்டாக விழும், அதை எடிட்டிங்கில் சரிசெய்வது பெரும் பாடு.

குழந்தை தூங்கி எழுந்து, சாப்பிட்டு அரை மணி ஆன நேரம்தான் உங்களுக்கு உகந்தது. கால்மணி நேரம் முன்னதாகவே போய், கேமரா வெளியே வருவதற்குள் இடத்தைச் சுற்றிப் பார்க்க விடுங்கள். இரண்டரை வயதுக் குழந்தை 20, 30 நிமிடம் ஒத்துழைத்தாலே பெரிய விஷயம். அதனால் முழுக் குடும்பப் படத்தை முதல் 10 நிமிடத்தில் முடிக்கச் சொல்லுங்கள். அடுத்து அண்ணனும் தம்பியும். பிறகு சின்னவன் ஓடட்டும், அந்த ஓட்டத்தையே எடுக்கலாம். பெரியவனின் தனிப் படங்கள் கடைசியில் போதும், அவனால் காத்திருக்க முடியும்.

நல்ல படங்கள் கெடுவதில் பெரியவர்களுக்கும் பெரிய பங்கு உண்டு. குழந்தை ஒருவழியாக லென்ஸைப் பார்க்கும் அந்த நொடியில் அப்பாவும் அம்மாவும் "அங்கே பாரு" என்று சொல்லியபடி குழந்தையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அடுத்த நொடியில் குழந்தை திரும்பிவிடும். நீங்கள் லென்ஸையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருங்கள். குழந்தையைக் கூப்பிடுவது படம் எடுப்பவரின் வேலை. தேவையானால், கேமராவுக்கு நேர் பின்னால் ஒருவர் மட்டும் நின்று கூப்பிடட்டும். நான்கு பக்கமும் நான்கு பேர் கை தட்டினால் நான்கு பக்கமும் பார்க்கும். "சிரி" என்று சொல்லவே வேண்டாம். பல்லைக் காட்டுமே தவிர, கண் சிரிக்காது. காதில் ஒரு ரகசியம் சொல்லுங்கள், அதுவாகச் சிரிக்கும்.

கேள்வி: எல்லோரும் ஒரே நிறத்தில் உடுத்தலாமா?

பதில்: உடுத்தலாம், ஆனால் அருகருகே நிற்கும்போது உடல்கள் ஒன்றோடொன்று கலந்து ஒரே பரப்பாகத் தெரியும். ஒன்றுக்கொன்று பொருந்தும் 2, 3 நிறங்களைப் பிரித்து உடுத்துவது மேல். எல்லோருடைய உடைகளையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து போனில் ஒரு படம் எடுங்கள். அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தால் ஒன்றிரண்டை மாற்றுங்கள். ஒன்று மட்டும் பளீரென்று தெரிந்தால் பார்ப்பவர் கண் அந்த ஆளிடமே போகும்.

மிக மெல்லிய கோடும் நெருக்கமான சின்னக் கட்டமும் வேண்டாம். கேமரா சென்சாரின் புள்ளி வரிசையோடு அவை மோதி, துணியில் வானவில் அலை போல் ஒன்று தோன்றும். கண்ணைக் கூசும் பச்சை, ஆரஞ்சு நிறங்களின் சாயல் தாடையில் ஏறும், குழந்தையின் வெளிர் தோலில் இன்னும் தெளிவாகத் தெரியும்.

புது உடையை ஒருமுறை துவைத்து, வீட்டில் அரை மணி நேரம் போட்டுப் பாருங்கள். கழுத்து லேபிள் உறுத்தினால் குழந்தை செஷன் முழுக்கச் சொறிந்துகொண்டே இருக்கும். மாற்று உடை குழந்தைக்கு மட்டுமல்ல, தூக்கி வைத்திருப்பவருக்கும் வேண்டும். பால் கக்குவது தோள் மேல்தான். வெயிலில் கறுக்கும் மூக்குக்கண்ணாடி இருந்தால் வெளிப்புறப் படத்துக்குச் சாதாரணக் கண்ணாடியைக் கொண்டுபோங்கள்.

கேள்வி: பிறந்து 10 நாளான குழந்தை, இரு கைகளிலும் தாடையைத் தாங்கியபடி படுத்திருக்கும் படம் வேண்டும் என்று ஆசை. பாதுகாப்பானதா?

பதில்: அது ஒரே கிளிக்கில் எடுக்கும் படம் அல்ல. ஒரு படத்தில் பெரியவர் ஒருவர் தலையைப் பிடித்திருப்பார், இன்னொன்றில் கைகளைப் பிடித்திருப்பார். இரண்டையும் இணைத்து அந்தக் கைகளை அழித்துவிடுவார்கள். இதை எப்படி எடுப்பீர்கள் என்று கேளுங்கள். "கையை எடுத்துவிட்டுச் சட்டென்று எடுப்போம்" என்று சொல்பவரிடம் குழந்தையைக் கொடுக்காதீர்கள். கண்ணாடிப் பாத்திரத்தில் உட்கார வைப்பது, துணியில் தொங்கவிடுவது எதுவும் வேண்டாம். எந்த நேரமும் ஒருவர் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கை, கால் நிறம் மாறினாலோ குழந்தை முரண்டு பிடித்தாலோ உடனே நிலையை மாற்ற வேண்டும்.

கேள்வி: தாத்தா பாட்டி பின் வரிசையில் நின்ற படங்களில் அவர்கள் முகம் மங்கலாக இருக்கிறது. "அதுதான் ஸ்டைல்" என்கிறார் படம் எடுத்தவர். ஏற்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. பின்னணி மங்கலாக இருப்பது ஸ்டைல், குடும்பத்தினர் முகம் மங்குவது பிழை. ஃபுல் ஃபிரேம் கேமராவில் (பழைய ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது) 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-ல் (எஃப் எண் சிறிதானால் லென்ஸின் துளை அகலமாகத் திறந்திருக்கும்) வைத்து 3 மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் சுமார் 40 செ.மீ. மட்டுமே. முன் வரிசையில் ஃபோகஸ் செய்தால் அதற்குப் பின்னால் கிடைப்பது அதில் பாதிதான். நாற்காலிக்குப் பின்னால் நிற்பவர் அதற்குள் வரமாட்டார். அதே இடத்திலிருந்து எஃப் 5.6 வைத்திருந்தால் ஆழம் ஒன்றேகால் மீட்டர் ஆகியிருக்கும். ஃபைலின் விவரப் பகுதி அழிக்கப்படாமல் இருந்தால் இந்த எஃப் எண்ணை நீங்களே பார்க்கலாம்.

புகார் சொல்லுமுன் மங்கல் எந்த வகை என்று பாருங்கள். முகம் மங்கி, முன்னாலோ பின்னாலோ வேறொன்று கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறு. ஓடும் குழந்தையின் கை, கால் மட்டும் இழுபட்டு, மற்றவை தெளிவாக இருந்தால் ஷட்டர் திறந்து மூடும் வேகம் போதவில்லை, ஓட்டத்துக்கு நொடியில் 500-ல் ஒரு பங்காவது வேண்டும். படம் முழுதும் ஒரே திசையில் இழுபட்டால் கேமரா ஆடியிருக்கிறது. ஒன்றிரண்டு படம் என்றால் வேறு படம் கேளுங்கள். பின் வரிசை உள்ள எல்லாப் படங்களும் இப்படி என்றால் கட்டணமின்றி மறுபடி எடுத்துத் தரும்படி எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: அன்றைக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் முன்பணம் போய்விடுமா?

பதில்: ஒப்பந்தம் என்ன சொல்கிறதோ அதுதான். கையெழுத்திடும் முன், உடல்நலக் குறைவுக்கும் மழைக்கும் ஒருமுறை கட்டணமில்லாமல் தேதி மாற்றலாம் என்று சேர்க்கச் சொல்லுங்கள். எத்தனை மணி நேரம் முன் தெரிவிக்க வேண்டும் என்பதும் இருக்கட்டும்.

கேள்வி: 8-க்கு 10 அங்குல பிரிண்ட் போட்டேன். ஓரத்தில் நின்ற மகளின் தோள் வெட்டுப்பட்டுவிட்டது. யார் தவறு?

பதில்: அளவின் தவறு. பெரும்பாலான கேமராக்களின் படம் 3-க்கு 2 விகிதத்தில் இருக்கும். 8 அங்குல அகலத்துக்கு அதன் முழு நீளம் 12 அங்குலம். 10-ல் அடக்க, நீளத்தில் ஆறில் ஒரு பங்கை வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டாமல் வருபவை 4-க்கு 6, 8-க்கு 12, 12-க்கு 18 ஆகிய அளவுகள். 8-க்கு 10 பிரேம் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், படம் எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள், இரு ஓரத்திலும் இடம் விட்டு எடுப்பார். இப்போதுள்ள ஃபைலை வெள்ளை ஓரத்தோடு, முழுப் படமும் உள்ளே வருமாறு பிரிண்ட் போடச் சொன்னால் மகளின் தோள் திரும்பக் கிடைக்கும்.