மனைவியின் ஊரில் மனையும் வயலும்: காருட்டில் ஓய்வுக்காலம் சாத்தியமா?

கேள்வி: நான் கோவைக்காரன், வயது 47. இந்தோனேசியாவில், மேற்கு ஜாவாவின் புர்வகர்த்தாவில் ஒரு நூற்பாலையில் வேலை செய்கிறேன். மனைவி காருட் மாவட்டத்து மலையடிவாரக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த சுண்டா பெண், இந்தோனேசியக் குடிமகள். எங்கள் திருமணம் அங்குள்ள சமய அலுவலகத்தில் (கே.யு.ஏ.) பதிவானது. 9 வயதில் ஒரே மகள், இந்தோனேசியப் பாஸ்போர்ட். இந்தியாவில் என்.ஆர்.இ. (வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கான) வைப்பில் 45 லட்சம் ரூபாய் இருக்கிறது. 55 வயதில் மனைவியின் ஊருக்கே போய்விட ஆசை. மாமனார் வீட்டுக்குப் பின்னால் 40 தும்பாக் (ஒரு தும்பாக் சுமார் 14 சதுர மீட்டர்) மனை 6 கோடி ரூபியாவுக்கு, அதாவது நம் கணக்கில் சுமார் 3 லட்சம் ரூபாய்க்கு, வருகிறது. அது மனைவியின் சித்தப்பாவுடையது; 'லெட்டர் சே' என்னும் பழைய நிலவரிக் காகிதம் மட்டும்தான் உண்டு. 100 சதுர மீட்டரில் வீடு கட்ட 40 கோடி ரூபியா ஆகும். 300 தும்பாக் நெல்வயல் 30 கோடிக்குக் கிடைக்கிறது. இன்னொருவர் 100 தும்பாக் வயலை 5 கோடிக்கு ஒத்திக்குத் தருகிறேன் என்கிறார். சுங்கச்சாலை வந்தால் எல்லாம் இரண்டு மடங்காகும் என்று மைத்துனர் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: மனையை வாங்குங்கள், கொஞ்சம் சின்ன வீடாகக் கட்டுங்கள், வயலை விட்டுவிடுங்கள். ஆனால் இதில் எதற்கும் முன்னால் நீங்கள் போக வேண்டிய இடம் நிலம் அல்ல, நோட்டரி அலுவலகம்.

காரணம் இதுதான். இந்தோனேசியாவின் 1960-ம் ஆண்டு நிலச் சட்டப்படி முழு உரிமை, அதாவது 'ஹக் மிலிக்', அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே. மனைவி பெயரில் வாங்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. 1974-ம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி, திருமணத்துக்குப் பிறகு வாங்கும் சொத்து இருவருக்கும் பொது. அப்படியானால் வெளிநாட்டவரான உங்களுக்கும் அதில் பாதி இருப்பதாக ஆகிறது. அந்த உரிமையை ஒரு வருடத்துக்குள் கைமாற்ற வேண்டும், இல்லாவிட்டால் உரிமை பறிபோய் நிலம் அரசிடம் போகும்.

இதற்கு வழி, சொத்தைத் தனித்தனியாகப் பிரிக்கும் திருமண ஒப்பந்தம். முன்பெல்லாம் திருமணத்துக்கு முன்போ திருமணத்தின்போதோ மட்டுமே இதை எழுத முடியும். 2016-ல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் திருமணத்துக்குப் பிறகும் எழுதலாம் என்று தீர்ப்பளித்துவிட்டது. நோட்டரி முன் எழுதி, உங்கள் திருமணம் பதிவான கே.யு.ஏ.விலேயே பதிவு செய்ய வேண்டும். இதன் விலையையும் புரிந்துகொள்ளுங்கள்: வீட்டுக்கு நீங்கள் கொடுக்கும் பணம் சட்டப்படி மனைவியின் சொத்தாகிவிடும். அது உங்களுக்கு உறுத்தினால் அந்த ஊரில் வீடு கட்டுவதே சரியில்லை. வெளிநாட்டவருக்கென்று தனி வீட்டு உரிமை வகை இருக்கிறது. ஆனால் அதற்கு அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச விலையின் பக்கத்தில்கூட உங்கள் கிராமத்து வீடு வராது.

மைத்துனர் பெயரில் வாங்கி, பக்கத்தில் ஒரு ரகசிய ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். அப்படிப்பட்ட ஏற்பாடு செல்லாது என்பதோடு, கொடுத்த பணத்தையும் திரும்பக் கேட்க முடியாது என்று அதே நிலச் சட்டத்தின் 26-வது பிரிவு சொல்கிறது.

மனைவி உங்களுக்கு முன்னால் போய்விட்டால் என்ன ஆகும் என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். இஸ்லாமிய வாரிசு முறைப்படி பிள்ளை இருக்கும்போது கணவனுக்குக் கால் பங்கு. மகளுக்கும், உயிரோடிருந்தால் மாமனார் மாமியாருக்கும் பங்கு உண்டு. உங்கள் கால் பங்கை ஒரு வருடத்துக்குள் நீங்கள் கைமாற்ற வேண்டியிருக்கும், மகளுக்கே கொடுத்துவிடலாம். அவள் இந்தோனேசியக் குடியுரிமையோடு இருப்பது இந்த இடத்தில் பெரிய பலம்.

அடுத்து அந்த லெட்டர் சே. அது கிராம அலுவலகப் பதிவேட்டில் பழைய நிலவரிக்காக எழுதிவைத்த பதிவு, பட்டா அல்ல. பல ஊர்களில் அதில் இன்னும் தாத்தா பெயரே இருக்கும். 2021-ல் வந்த அரசு விதி இப்படிப்பட்ட காகிதங்களைப் பதிவு செய்ய ஐந்து ஆண்டு கொடுத்தது. அந்தக் கெடு 2026 பிப்ரவரி வரைதான்; அதன்பின் அது உரிமைச் சான்று அல்ல, ஒரு தடயம் மட்டுமே. எனவே சித்தப்பா முதலில் தன் பெயருக்குச் சான்றிதழ் வாங்கட்டும். 2017-லிருந்து அரசு கிராமம் கிராமமாக நிலங்களைப் பதிவு செய்து வருகிறது. அந்தத் திட்டம் உங்கள் ஊருக்கு வந்திருந்தால் செலவு குறைவு. அவருடைய அண்ணன் தம்பிகள், அக்கா தங்கைகள் எல்லாரும் வாரிசுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அப்புறம்தான் அங்கீகாரம் பெற்ற பத்திர அலுவலர் முன் கிரயம். சொந்தக்காரர்தானே என்று ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். வாங்குபவர் வரி 5 விழுக்காடு என்றாலும் முதல் 8 கோடி ரூபியாவுக்கு விலக்கு உண்டு, ஆகவே 6 கோடி மனைக்கு அது அநேகமாக வராது.

இப்போது வயல். ஒரு தும்பாக் 14 சதுர மீட்டர் என்றால் 300 தும்பாக் என்பது ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். ஹெக்டேருக்கு ஐந்தரை டன் நெல் என்று வைத்தால் ஒரு போகத்துக்குச் சுமார் 2,300 கிலோ. 2025-ல் அரசு நிர்ணயித்த கொள்முதல் விலை கிலோவுக்கு 6,500 ரூபியா. ஆக ஒரு போகத்துக்கு 1.5 கோடி, இரண்டு போகத்துக்கு 3 கோடி ரூபியா. நீங்கள் சேற்றில் இறங்கப்போவதில்லை, விளைச்சலில் பாதிப் பங்குக்கு வேறொருவரிடம்தான் உழவு விடுவீர்கள். உங்கள் பங்கு 1.5 கோடி. அதிலிருந்து விதை, உரம், நிலவரி போனால் 1 கோடி கையில் நிற்பதே நல்ல வருடம். 30 கோடி போட்டு 1 கோடி, அதாவது சுமார் மூன்றே கால் விழுக்காடு. இந்தோனேசிய அரசின் சில்லறைக் கடன் பத்திரங்கள், உங்கள் மனைவி தன் அடையாள அட்டையை வைத்து வாங்கக்கூடியவை, சமீப ஆண்டுகளில் பெரும்பாலும் ஐந்தரை முதல் ஆறரை விழுக்காடு வரை கொடுத்திருக்கின்றன. வட்டியில் 10 விழுக்காடு வரி போனாலும் இதைவிட மேல். எலியும் வறட்சியும் அவற்றைத் தொடுவதில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. விளைநிலத்துக்குச் சொந்தக்காரர் அந்த நிலம் இருக்கும் கெச்சமாத்தானிலோ (மாவட்டத்தின் உட்பிரிவு, நம் வட்டம் போல) அதை ஒட்டிய கெச்சமாத்தானிலோ குடியிருக்க வேண்டும் என்று 1960-களின் நிலச் சீர்திருத்த விதிகள் சொல்கின்றன. உங்கள் மனைவியின் அடையாள அட்டை இப்போது புர்வகர்த்தா முகவரியில்தானே இருக்கும்? மாமியார் பெயரில் போட்டுவைக்கலாம் என்பார்கள். பிறகு அது மனைவியின் எல்லா உடன்பிறப்புகளுக்கும் பொதுவாகிவிடும். வயலைத் தூர்த்து மனை போட்டு விற்கலாம் என்பதும் சுலபமல்ல. பாதுகாக்கப்பட்ட நெல்வயல்கள் என்று 2021-ல் அரசு வரைபடம் போட்ட எட்டு மாநிலங்களில் மேற்கு ஜாவாவும் ஒன்று.

வீட்டை 100 சதுர மீட்டரிலிருந்து 70-க்குக் குறைத்தால் 28 கோடி ரூபியாவில் முடியும். மனையோடு சேர்த்து 34 கோடி, நம் கணக்கில் 18 லட்சம் ரூபாய்க்குப் பக்கம். மீதி 27 லட்சம் வைப்பிலேயே இருக்கட்டும். மிச்சம் பிடித்த இடத்தில் ஒரு மீன்குளம் வெட்டினால் மாமனார் உங்களை ஆயுசுக்கும் வாழ்த்துவார். ஆனால் தூணிலும் கம்பியிலும் மிச்சம் பிடிக்காதீர்கள். 2022 நவம்பரில் பக்கத்துச் சியாஞ்சூர் மாவட்டத்தில் 5.6 அளவு நிலநடுக்கம்தான் வந்தது. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள், பெரும்பாலும் வலுவூட்டாத செங்கல் சுவர்கள் விழுந்து. மூங்கில் தட்டி வைத்த பழைய சுண்டா மேடை வீடுகள் இப்படிப்பட்ட அதிர்ச்சியை நன்றாகத் தாங்கும். மனை சரிவிலோ ஆற்றங்கரையிலோ இருந்தால் யோசியுங்கள்: 2016 செப்டம்பரில் சிமானுக் ஆறு காருட்டை என்ன பாடு படுத்தியது என்று மாமனாரே சொல்வார்.

அந்த வீடு நல்ல விலைக்குத் திரும்பப் போகும் என்று எண்ண வேண்டாம். காருட்டில் 2025-ன் குறைந்தபட்ச மாத ஊதியம் சுமார் 23 லட்சம் ரூபியா. ஜக்கார்த்தாவை ஒட்டிய பெக்காசி நகரில் 56 லட்சத்துக்கு மேல். இளைஞர்கள் எங்கே போகிறார்கள் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். கிராமத்தில் வாடகைக்கு ஆளும் கிடையாது, கடனில்லாமல் வாங்கும் ஆளும் அபூர்வம். வாடகை வருமானம்தான் வேண்டும் என்றால், காருட்டிலேயே தொழிற்சாலைகள் வந்திருக்கும் லெலெஸ் பக்கம் தொழிலாளர் தங்கும் அறைகள் கட்டுவதைப் பற்றிப் பேசலாம். அது வேறு கணக்கு, ஆனால் கணக்கு.

சுங்கச்சாலைப் பேச்சுக்கு இன்று காசு கொடுக்காதீர்கள். இதே மேற்கு ஜாவாவின் மஜலெங்காவில் கெர்த்தஜாதி விமான நிலையம் 2018-ல் திறந்தது. அதைச் சுற்றி நிலம் வாங்கியவர்கள் பல வருடம் வெறிச்சோடிய ஓடுபாதையைத்தான் பார்த்தார்கள்.

வாழ்க்கைச் செலவு குறைவு என்பது உண்மை. குளத்து மீன், கொல்லைக் கீரை, சம்பல் என்று சாப்பாட்டுக்குப் பெரிதாகச் செலவாகாது. பணம் வேறு வழியில் போகும். கல்யாணம், சுன்னத்து விருந்து என்று மொய் ஓயாது. வெளியூரில் சம்பாதித்த மருமகன் என்பதால் கைமாற்றுக் கேட்பவர்களும் வருவார்கள். இதற்கு ஆண்டுக்கு ஒரு தொகை ஒதுக்கி, அதைப் பகிர்ந்து கொடுக்கும் பொறுப்பை மனைவியிடம் விடுங்கள். நிரந்தரத் தங்கல் அனுமதியையும் அரசு மருத்துவக் காப்பீட்டையும் வேலையில் இருக்கும்போதே முடித்துவையுங்கள். இதய நோய் என்றால் பாண்டுங் வரை போக வேண்டிவரும்.

கடைசியாக ஒத்தி. மேலே போட்ட அதே கணக்கில் 5 கோடிக்கு ஆண்டுக்குச் சுமார் 33 லட்சம், ஏழு விழுக்காட்டுக்குக் கொஞ்சம் குறைவு. கவர்ச்சிதான். ஆனால் 1960-ன் 56-ம் எண் சட்டப்படி ஏழு ஆண்டு ஒத்தியில் இருந்த வயலைப் பணம் வாங்காமலே திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கு முன் மீட்டால் தொகை ஆண்டுக்காண்டு குறையும்: நான்காம் ஆண்டு முடிவில் அவர் உங்களுக்குத் தர வேண்டியது பாதி, 2.5 கோடிதான். அதுவரை நீங்கள் விளைச்சல் பங்காக எடுத்திருப்பது 1.3 கோடி. ஊர் வழக்கத்தில் முழுப் பணமும் திரும்பும், உண்மை. வழக்கு என்று போனால் நீதிமன்றம் சட்டத்தைத்தான் பார்க்கும். அவருக்கு உதவத்தான் மனம் என்றால், திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய ஒரு தொகையை, ஒரு கோடி ரூபியா என்று வையுங்கள், வட்டியில்லாக் கடனாக எழுதிக் கொடுங்கள். வயலை அவரே உழட்டும்.