வைரஸ் தாக்கிய குட்டையில் தீவனம் எவ்வளவு போடலாம்?

கேள்வி: அரை ஏக்கர் பண்ணைக் குட்டையில் 5,000 கிஃப்ட் ரகத் திலாப்பியா மீன் வளர்க்கிறேன். ஒவ்வொன்றும் சுமார் 150 கிராம். ஒரு வாரமாகத் தினமும் நாற்பது, ஐம்பது செத்து மிதக்கிறது. ஆய்வகத்தில் ‘திலாப்பியா ஏரி வைரஸ்’ என்றார்கள். மீனுக்குத் தெம்பு வரட்டும் என்று தீவனத்தைக் கூட்டி, வைட்டமினும் பூண்டும் கலந்து போடுகிறேன். சரிதானா?

பதில்: கூட்டியதை இன்றே நிறுத்துங்கள். நோயாளிக்கு ஊட்டித் தெம்பேற்றுவது நம் வீட்டுப் பழக்கம். குட்டையில் அது தலைகீழ்.

இந்த வைரஸ் முக்கியமாகக் கல்லீரலைத் தாக்குகிறது. தீவனத்தில் வரும் கொழுப்பைக் கையாள வேண்டிய உறுப்பே புண்ணாகிக் கிடக்கிறது. நோய் கண்ட மீன் முதலில் இரையைத்தான் விடும். அது தின்னாத தீவனம் அடியில் அழுகி அம்மோனியாவாகும். தின்ற மீனுக்கும் செரிமானத்துக்குக் கூடுதல் ஆக்சிஜன் வேண்டும். விடியற்காலையில் ஆக்சிஜன் இறங்கும்போது ஏற்கெனவே சோர்ந்த மீன் இதைத் தாங்காது.

ஜப்பானில் 1990-இல் ‘ரெட் சீ பிரீம்’ என்ற சிவப்புக் கடல்மீன்களில் இரிடோவைரஸ் என்ற வேறொரு வைரஸ் புகுந்தது. அங்கே இரை நிறுத்தினால் சாவு குறைவதைச் சோதித்தே கண்டார்கள். நார்வே சால்மனின் இதய, தசை அழற்சி நோயிலோ கொழுப்பைக் குறைத்து, மீன் எண்ணெயில் உள்ள இபிஏ என்ற கொழுப்பு அமிலத்தைக் கூட்டிய தீவனம் இதயப் புண்ணைக் குறைத்தது. அவை வேறு மீன், வேறு வைரஸ். அளவுகளை அப்படியே உங்கள் குட்டைக்கு எடுக்க முடியாது. ஆனால் தாக்கப்பட்ட உறுப்பின் சுமையைக் குறை என்ற வழி இங்கும் பொருந்தும்.

கணக்குக்கு வருவோம். 5,000 மீன், 150 கிராம் என்றால் மொத்தம் 750 கிலோ. உடல் எடையில் 3 சதவீதக் கணக்கில் நாளுக்கு 22.5 கிலோ போட்டிருப்பீர்கள். சாவு ஏறிக்கொண்டிருக்கும் இரண்டு மூன்று நாள் ஒன்றும் போடாதீர்கள். பசியால் திலாப்பியா செத்துவிடாது. பிறகு அரை சதவீதம், அதாவது 4 கிலோவுக்குள், வெயில் ஏறியபின் ஒரே வேளை. பத்து நிமிடத்தில் மிச்சமிருந்தால் மறுநாள் இன்னும் குறையுங்கள். தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரை இரவு முழுக்க ஓட விடுங்கள். சாவு தொடர்ந்து மூன்று நாள் இறங்கினால் மட்டும், மூன்று நாளுக்கு ஒருமுறை அரை சதவீதம் கூட்டலாம். பழைய அளவுக்கு வரப் பதினைந்து நாள் ஆகும். அதற்குள் உயிரோடு உள்ள மீனின் எடையை வலை வீசிப் பார்த்துக் கணக்கைத் திருத்துங்கள்.

வைட்டமின் சி நல்லதுதான். திலாப்பியா அதை உடம்பில் தயாரித்துக்கொள்ளாது. ஆனால் சாதாரண வைட்டமின் சி தண்ணீரில் கரைந்து போய்விடும், பழைய மூட்டையிலும் கெட்டுவிடும். பாஸ்பேட் வடிவத்தில் கேட்டு வாங்கி, கிலோ தீவனத்துக்கு 500 மில்லிகிராம், சிறிது மீன் எண்ணெயில் குழைத்துப் பூசி நிழலில் உலர்த்துங்கள். தின்னாத மீனுக்கு இதுவும் போய்ச் சேராது; எனவே மீன் வாய் திறக்க ஆரம்பித்த பின்பே இதற்குச் செலவு செய்யுங்கள். ஈஸ்ட்டிலிருந்து வரும், நோய் எதிர்ப்பைத் தூண்டும் பீட்டா குளுக்கானை அடுத்த குஞ்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது நோய் வருமுன் கொடுக்க வேண்டியது. தாய்லாந்துக் கூண்டுப் பண்ணைகளில் குஞ்சு விட்ட முதல் மாதத்திலேயே இந்தச் சாவு வருவதைக் கண்டிருக்கிறார்கள். குஞ்சு விட்ட கையோடு இரண்டு வாரம் கொடுங்கள்.

பூண்டு கொஞ்சம் போட்டால் கெடுதல் இல்லை. வைரஸைக் கொல்லும் என்று யாராவது பாக்கெட் விற்றால் காசைப் பத்திரப்படுத்துங்கள்.

கடலைப் புண்ணாக்கும் தவிடும் சேர்த்துப் போடுகிறீர்களா? மூட்டையை முகர்ந்து பாருங்கள். பூஞ்சை பிடித்த புண்ணாக்கில் வரும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சும் கல்லீரலைத்தான் கெடுக்கும். காறல் நெடி அடிக்கும் தீவனமும் அப்படியே. சந்தேகம் வந்தால் தூக்கி எறியுங்கள்.

ஆன்டிபயாட்டிக் வைரஸுக்கு வேலை செய்யாது. புண்ணில் பாக்டீரியா சேர்ந்திருப்பதாக ஆய்வகம் எழுதிக் கொடுத்தால் மட்டும் அந்தப் பேச்சு.

இந்தியாவில் 2018-இல் கேரளம், மேற்கு வங்கப் பண்ணைகளில் இந்த வைரஸ் பதிவானது. மனிதருக்கு அது தொற்றாது. தப்பிய மீன் தேறியதுபோலத் தெரிந்தாலும் வைரஸைச் சுமக்கலாம். பக்கத்துக் குட்டைக்காரர் குஞ்சு கேட்டால் கொடுக்காதீர்கள், உங்கள் வலையையும் இரவல் தராதீர்கள்.