அம்மாவின் ஆபரேஷன், மஜ்ஜை ஊசி – கடிதம்

வணக்கம் அக்கா,

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், அடுத்த வாரம் ஆபரேஷன். அதே மயக்கத்தில் இடுப்பெலும்பில் ஊசி போட்டு ஆராய்ச்சிக்காக மஜ்ஜையும் எடுக்கிறோம் என்று ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். எலும்பு பலவீனமாகிவிடுமா? நடக்கச் சிரமப்படுவாரா? நோய் எலும்புக்குப் போய்விட்டதைத்தான் இப்படிச் சுற்றிவளைத்துச் சொல்கிறார்களா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

கடைசிக் கேள்விதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று நினைக்கிறேன், அதனால் அதற்கே முதல் பதில்: இல்லை. எலும்பில் நோய் பரவியிருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன்கள் இருக்கின்றன. மஜ்ஜையில் தேடுவது எந்த ஸ்கேனிலும் தெரியாத, அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒதுங்கியிருக்கும் புற்றுச் செல்களை. இந்த ஆராய்ச்சிகளில் ஆரம்பக் கட்ட நோயாளிகளே நிறையப் பேர்.

மல்லாந்து படுத்திருக்கும்போது எடுப்பதென்றால் இடுப்பெலும்பின் முன் விளிம்பில், சில சமயம் இரண்டு பக்கமும் குத்துவார்கள். மஜ்ஜையை உறிஞ்சும் நொடிதான் கடுமையாக வலிக்கும், அது மயக்கத்திலேயே போய்விடும். விழித்த பிறகு சில நாட்கள் வலி இருக்கும், ரத்தம் கட்டிக் கன்றிப்போகலாம். இதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், மார்பில் ஆபரேஷன் செய்துகொண்டவருக்கு இடுப்பு வலித்தால் நோய் அங்கேயும் வந்துவிட்டது என்றுதான் மனம் போகும். எலும்பைப் பற்றிக் கவலை வேண்டாம், எடுப்பது சில மில்லிதான், உடம்பே மறுபடி உண்டாக்கிக்கொள்ளும், ஊசித் துளையும் ஆறிவிடும். நடக்கலாம்.

அரிதாக அதிக ரத்தக்கசிவு, கிருமித் தொற்று, பக்கத்து நரம்பு உரசி வெளித்தொடை மரத்துப்போவது ஆகியவை நடக்கலாம். பிரிட்டனில் 1995 முதல் 2001 வரை செய்யப்பட்ட ஏறக்குறைய 54,890 மஜ்ஜைப் பரிசோதனைகளில் 26 பேருக்குத்தான் பெரிய சிக்கல் வந்ததாகக் கணக்கெடுத்தார்கள், அதில் அதிகம் ரத்தக்கசிவு. எனவே அம்மா ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமலிருக்க வேறு மாத்திரையோ சாப்பிட்டால் டாக்டரிடம் இப்போதே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். வீட்டுக்கு வந்தபின் கட்டு நனைந்துகொண்டே இருந்தாலோ, காய்ச்சல், சீழ், நாளுக்கு நாள் ஏறும் வலி, காலில் பலமின்மை இருந்தாலோ காத்திருக்காமல் கூப்பிடுங்கள்.

சரி, ஊசியைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அதன் முடிவு. 2005இல் 4,703 நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தபோது சுமார் 30 சதவீதம் பேரின் மஜ்ஜையில் இந்தச் செல்கள் இருந்தன. 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வில் வெறும் 3 சதவீதம். இரண்டிலுமே செல்கள் இருந்தவர்களுக்கு ஆபத்து கூடுதல்தான், ஆனால் இருந்தும் நோய் திரும்பாமல் வாழ்பவர்கள் நிறைய. இதை வைத்து சிகிச்சையை மாற்றுவது வழக்கமான மருத்துவத்துக்குள் இன்னும் வரவில்லை. அப்படியிருக்க, ‘செல்கள் இருக்கின்றன’ என்று ஒரு தாளை மட்டும் கையில் கொடுத்து அனுப்பினால், அந்தப் பயத்தை அம்மா எத்தனை வருடம் சுமப்பார்? என்னைக் கேட்டால் இதுதான் உண்மையான பின்விளைவு, படிவத்தில் பெரும்பாலும் இது இருக்காது.

கையெழுத்துக்கு முன் கேளுங்கள்: முடிவை எங்களிடம் சொல்வீர்களா, சொன்னால் சிகிச்சையில் ஏதாவது மாறுமா, முடிவு வேண்டாம் என்று சொல்லிவிட்டு மாதிரியை மட்டும் கொடுக்கலாமா? மறுத்தால் ஆபரேஷனோ மற்ற சிகிச்சையோ குறையக் கூடாது, அதையும் வாய்விட்டே கேட்டுவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. உங்கள் கடிதம் முழுக்க நீங்கள்தான் பேசுகிறீர்கள். அம்மா அந்தப் படிவத்தைப் படித்தாரா? முடிவெடுக்க வேண்டியவர் அவர். இன்றைக்கே அவரிடம் கொடுங்கள்.